பதினான்கு நாள் இரவலில் நான்

எங்கள் நூலகம் நவீனமாகிவிட்டது. இந்தச் செய்தியை உலகுக்கு அறிவிக்கும் மாபெரும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. உலகம் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். ஏனென்றால், எங்கள் வலைப்பூவில் விரிவாக எழுதியிருந்தோம். அதைப் படித்தவர்கள் மூன்று பேர். அவர்களில் இருவர் நானும் தலைமை நூலகரும். மூன்றாமவர் ஒரு வியாபாரி. அவரைப் பற்றி இதோ சொல்கிறேன். அதற்கு முன் என்னைப் பற்றி.

கீழ்த்தளத்து விசாரணை மேசையில் நான் உதவியாளன். ஒப்பந்த வேலை. ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால் இந்த நாட்டில் தங்கும் அனுமதியும் நீளும். நீட்டிக்கப்படாவிட்டால் பெட்டி கட்ட வேண்டியதுதான். மாதக் கடைசியில் கமிட்டி கூடி முடிவெடுக்கும் என்றார்கள். இதனால் என் தூக்கம் கெட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தூக்கம் வந்தால்தானே கெடுவதற்கு.

அம்மா தினமும் தொலைபேசியில் கேட்பாள்.

"நீட்டிச்சாங்களா?"

"இன்னும் இல்லம்மா. கமிட்டி கூடணும்."

"கமிட்டில யாரு இருக்கா? நல்லவங்களா?"

"நான் பாத்ததில்லம்மா. அவங்க மேல்மாடி."

"ஒரு நாளைக்கு மேல போய் வணக்கம் சொல்லிட்டு வாயேன்."

அவளுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வரும். "அவனா? அவன் வணக்கம் சொன்னா அவனுக்கே கேக்காது. டேய், மூணு வருஷம் ஒரே வகுப்புல இருந்தும் வாத்தியாருக்கு உன் பேரு தெரியல. ஞாபகம் இருக்கா? இந்த வாட்டியாவது கொஞ்சம் கண்ணுல படற மாதிரி நட."

கண்ணில் படுவது எப்படி என்பதுதான் சிக்கல். எங்கள் கமிட்டியின் முழுப் பெயர் 'நவீனமயமாக்கல் மற்றும் செயல்திறன் உயர்நிலைக் கமிட்டி'. அது தன் கண்ணால் எதையும் பார்ப்பதில்லை. பார்ப்பதற்கென்று ஒரு டேஷ்போர்டு வாங்கியிருந்தது. நூலகத்தில் கணினி வழியாக நடக்கும் ஒவ்வொன்றும் அதில் வண்ண வண்ணத் தூண்களாக எழும்பும். கணினி வழியாக நடக்காதது நடக்கவில்லை. எவ்வளவு தெளிவான தத்துவம்!

என் மேசைக்கு நாள் முழுக்க ஆட்கள் வருவார்கள். போன வருஷம் பாதி படித்த, நீல அட்டை போட்ட புத்தகம் எங்கே? மகளின் பள்ளிக்கூட இணையதளம் பாஸ்வேர்டை ஏன் ஏற்க மறுக்கிறது? வீட்டு உரிமையாளருக்குக் கோபமாகவும் மரியாதையாகவும் கடிதம் எழுதுவது எப்படி? கழிவறை எங்கே? எல்லாவற்றையும் வாயால் கேட்பார்கள், நானும் வாயால் சொல்வேன். வாய் கணினியோடு இணைக்கப்படவில்லை. ஆகவே டேஷ்போர்டு அறிவித்தது: 'விசாரணை மேசை: செயல்பாடு பூஜ்யம்.'

அதன்பின் சுற்றறிக்கை வந்தது. செயல்பாடற்ற இனங்கள் மாத இறுதியில் நீக்கப்படும். அப்படி மூன்று இனங்கள் இருந்தன. மீன் இல்லாத மீன்தொட்டி, ரிப்பன் இல்லாத தட்டச்சு இயந்திரம், நான்.

"மீன் தொட்டிய மட்டும் நீக்காம இருந்தா தேவல. அதுலதான் என் டிபன் டப்பாவ வெக்கிறேன்" என்றார் வண்டியக்கா. திரும்பி வரும் புத்தகங்களை வண்டியில் தள்ளிக்கொண்டுபோய் அடுக்குபவர். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தினக்கூலி.

"என்ன நீக்கினா பரவால்லையாக்கா?"

"உனக்குள்ள டப்பா வெக்க முடியாதே, தம்பி."

ஆனால் கமிட்டி கல்நெஞ்சம் படைத்ததல்ல. எங்களைக் கைதூக்கிவிட 'இணையக் கருவிகள்: ஓர் இனிய பயணம்' என்ற பயிற்சியை ஏற்பாடு செய்தது. பயிற்சியாளர் இளைஞர். ஒவ்வொரு வாக்கியத்தையும் 'சூப்பர்' என்று முடிப்பார். அதனால் அவர் பெயரே சூப்பர் ஆகிவிட்டது.

முதல் பாடம் காணொளிக் கூட்டம். ஒரே அறையில் தோளோடு தோள் உரச உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரரைத் திரையில் பார்க்கக் கற்றுக்கொண்டோம். "பேசாதப்ப மியூட்ல போட்டுக்கோங்க, சூப்பர்" என்றார். நூலகர்களிடம் போய் இப்படிச் சொல்லலாமா? எல்லாரும் மியூட்டில் போட்டோம். எடுக்கவில்லை. சூப்பர் காத்திருந்தார். கம்பிகளைப் பிடுங்கிச் செருகினார். கணினியை அணைத்துப் போட்டார். கடைசியில் வேர்த்துப்போய், "யாராவது ஒருத்தர் ஏதாவது பேசுங்களேன்" என்று கெஞ்சினார். தலைமை நூலகர் ஒரு காகிதத்தில் ஏதோ எழுதிக் கேமராவுக்கு நேராகப் பிடித்தார். அதில் இருந்தது: 'இது நூலகம்.'

தலைமை நூலகரை நாங்கள் மேடம் என்போம். குரல் உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவர் செருமினால் இரண்டாவது மாடியில்கூடப் பக்கம் புரட்டுவதை நிறுத்துவார்கள்.

இரண்டாவது பாடம் வலைப்பூ. 'நூல்களைப் பேணும் முறை' என்று மேடம் ஒரு கட்டுரை எழுதினார். மறுநாள் காலை ஒரு பின்னூட்டம் வந்திருந்தது: 'மிகவும் பயனுள்ள பதிவு. உங்கள் கூரைக்கு மலிவு விலையில் தகடு வேண்டுமா?'

மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா தம்பி, படிக்கிறாங்க" என்றார். அரைநாள் உட்கார்ந்து பதில் எழுதினார். 'அன்புடையீர், தங்கள் பாராட்டு கிடைக்கப்பெற்றோம். நூலகக் கூரை தற்போது நல்ல நிலையில் உள்ளது. தேவை ஏற்படின் முறைப்படி விலைப்புள்ளி கோரப்படும்.' அடுத்த நாள் அதே அன்பர் உடல் எடை குறைக்கும் மாத்திரை பற்றி விசாரித்திருந்தார். மேடம் சற்று மனம் புண்பட்டார். ஆனாலும் அவரை வாசகர் கணக்கிலிருந்து நீக்கவில்லை. மூன்றாமவர் அவர்தான்.

மூன்றாவது பாடத்தில் ரத்தம் சிந்தவில்லையே தவிர மற்றதெல்லாம் நடந்தது. சூப்பர் ஒரு பூனைப் படத்தைத் திரையில் காட்டினார். "இதுக்குக் குறிச்சொல் போடணும். உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிப் போடுங்க, சூப்பர்."

அறை உறைந்தது.

"எப்படித் தோணுதோ அப்படியா?" என்றார் மேடம், நாணயத்தை விழுங்கிவிட்ட குழந்தையிடம் கேட்கும் குரலில்.

"ஆமா மேடம். பூனைன்னு போடலாம். க்யூட்னு போடலாம்."

"பூனையா, பூனைகளா?"

"எதுவா இருந்தாலும்..."

"விலங்குகளுக்குக் கீழ வருமா? வீட்டு விலங்குகளுக்குக் கீழயா? இது வீட்டுப் பூனைங்கறதுக்கு ஆதாரம் என்ன?"

அந்தப் பூனை இன்னும் பரிசீலனையில் இருக்கிறது. அதற்குப் பின் வேறு படம் எதற்கும் நாங்கள் போகவில்லை.

நான்காவது பாடம் புதிய நூற்பட்டியல் மென்பொருள். இங்கேதான் வரலாறு திரும்பியது.

"கைக்கு எட்டுற ஒரு பொருள எடுத்துக்கோங்க. அது நூலகத்துக்குப் புதுசா வந்த புத்தகம்னு நெனச்சு ஒரு பயிற்சிப் பதிவு போடுங்க. தப்பாப் போனாலும் பரவால்ல, சூப்பர்" என்றார் பயிற்சியாளர்.

ஒருவர் குடையை எடுத்துக்கொண்டார். ஒருவர் தண்ணீர்ப் புட்டியை. மேடம் தன் ஸ்டேப்ளரை. நான் என் மேசையைப் பார்த்தேன். அதில் என்னுடையது என்று எதுவும் இல்லை. நாற்காலிகூடச் சிறுவர் பகுதியிலிருந்து கடன் வாங்கியது. உட்கார்ந்தால் முழங்கால் காதருகே வரும். பேனா அலுவலகத்துடையது. கணினி கமிட்டியுடையது. தப்பாகப் போனால் யாரும் நஷ்டஈடு கேட்காத பொருள் அந்த அறையில் எது? யோசித்தேன். ஒன்றே ஒன்றுதான் தேறியது.

என்னை நானே பதிவு செய்தேன். விளையாட்டாக அல்ல, விதிப்படி. ஆசிரியர்: அப்பா, அம்மா. பதிப்பு: முதல். பிரதிகள்: ஒன்று. உயரம்: நூற்று எழுபத்தொன்றரை சென்டிமீட்டர். நிலை: வலது முழங்காலில் பழைய தையல், மற்றபடி நன்று. பொருள்: பொது அறிவு, வழி சொல்லுதல், கடிதம் எழுதுதல். இரவல் காலம்: பதினான்கு நாள். குறிப்பு: கையாளும்போது பயப்படும். படம் வேண்டும் என்று கேட்டது. அடையாள அட்டைப் படத்தைக் கொடுத்தேன்.

பிறகு 'சேமி' என்ற பட்டனை அழுத்தினேன். 'உறுதியாகவா?' என்று கேட்டது. இந்த நாட்டுக்கு வந்தபின் யாரும் என்னிடம் இவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. 'உறுதி' என்றேன். பக்கத்திலிருந்த சின்ன இயந்திரம் முனகிக்கொண்டு ஒரு பார்கோடு ஒட்டியைத் துப்பியது. அச்சான ஒட்டியை வீணாக்கக் கூடாது, உரிய பொருளில் உடனே ஒட்ட வேண்டும் என்பது எங்கள் நூலகத்தில் ஆதியிலிருந்து உள்ள விதி. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பின்பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன்.

பழைய மென்பொருளில் 'சேமி' என்றால் பெட்டிக்குள் வைப்பது. புதியதில் 'சேமி' என்றால் உலகத்துக்குச் சொல்வது. இது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. இணையதளத்தின் முதல் பக்கத்தில் 'புதிய வரவுகள்'. முதலில் 'பல்வலி: காரணங்களும் தீர்வுகளும்'. அடுத்து 'சிறுதொழில் தொடங்குவது எப்படி?' மூன்றாவதாக, கைது செய்யப்பட்டவன் முகத்தோடு, நான்.

நீக்குவதற்குள் ஒரு நர்ஸ் வந்துவிட்டார். வேலை முடிந்து சீருடையோடு நேரே வந்திருந்தார். கைப்பேசியை நீட்டினார்.

"இது எந்த அலமாரி?"

"அது... இங்கதாங்க இருக்கு."

"எங்க?"

"நான்தாங்க."

திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "படத்துல இன்னும் கொஞ்சம் பயந்த மாதிரி இருக்கீங்க."

"அதப் பதிவுலயே குறிப்பிட்டிருக்குங்க."

"சரி, எடுத்துக்கலாமா?"

"எதுக்குங்க?"

"மேல புதுசா மெஷின் வெச்சிருக்கீங்களே, அது என் கார்டப் பாத்தாலே வெறுக்குது. யாராவது கூட வந்தா தேவலாம்னு பாத்தேன். சும்மா கூப்பிட்டா தப்பா நெனப்பீங்களோன்னு இருந்தது. இரவல்னா முறையா இருக்கும்ல?"

இரவல் இயந்திரத்தின் முன் போய் நின்றோம். அவர் கார்டைத் தலைகீழாக நுழைத்தார், திருப்பிக் காட்டினேன். 'பொருளை மேடையில் வைக்கவும்' என்றது இயந்திரம். அட்டை கழுத்தில் மாட்டியிருந்ததால், பொருள் தன் கன்னத்தை மேடையில் வைக்க வேண்டியிருந்தது. 'பீப்' என்றது. 'நன்றி. உங்கள் வாசிப்பு இனிதாகட்டும்.' "அவ்வளவுதானா? சரி, திரும்ப வெச்சிடறேன்" என்று என்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதே வேலையை நான் தினமும் பலமுறை செய்கிறேன். செயல்பாடு பூஜ்யம். இன்று கன்னத்தை வைத்துச் செய்தேன். டேஷ்போர்டில் ஒரு பச்சைத் தூண் முளைத்தது.

செய்தி பரவியது. நர்ஸ் ஆஸ்பத்திரியில் சொன்னார். வழக்கமாகச் சும்மா வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்களும், "அப்ப நாங்க மட்டும் ஏன் இத்தன நாளா முறையில்லாம கேட்டுக்கிட்டிருந்தோம்?" என்று வெட்கப்பட்டு வரிசையில் நின்றார்கள். வீடு மாறி வந்த தம்பதி என்னைக் கூட்டாக எடுத்தார்கள். ஓய்வுபெற்ற தையல்காரர் ஒருவர் என்னை எடுத்து, எதிரே உட்காரவைத்து, எதுவும் கேட்காமல் பத்திரிகை படித்துவிட்டு, "நல்ல புஸ்தகம், தொந்தரவே இல்ல" என்று திருப்பினார். முன்பதிவு குவிந்தது. குவியக் குவிய, மென்பொருள் தானாகவே என்னைப் பதினான்கு நாளிலிருந்து ஒரு நாள் இரவலாக மாற்றிவிட்டது. கிராக்கி உள்ள புத்தகத்துக்கு அதுதான் மரியாதையாம்.

என் வார விடுமுறை அன்று கைப்பேசி அடித்தது.

"தம்பி, நீங்க என்கிட்டதான் இருக்கீங்களாமே?"

"யாருங்க பேசறது?"

"டாக்சி ஓட்டுறேனே. நேத்து வீட்டுக்காரருக்கு லெட்டர் எழுதிக் குடுத்தீங்களே. உங்களத் திருப்பிக் குடுக்காம வந்துட்டேன் போல. காலைலேருந்து அபராதம் அபராதம்னு மெசேஜ் வருது. வீட்லதான இருக்கீங்க? அங்கயே நில்லுங்க, எங்கயும் போயிடாதீங்க."

வந்தார். பின்சீட்டில் ஏற்றினார். "இது சவாரி இல்ல தம்பி, டெலிவரி" என்று மீட்டரைத் துணியால் மூடினார். நூலகத்துக்கு வந்ததும் கையைப் பிடித்து அழைத்துப்போய் திரும்பப் பெறும் இடத்தில் நிறுத்தினார். அங்கே வண்டியக்கா இருந்தார். திரும்பி வரும் பொருளுக்குச் சேதம் உண்டா என்று பார்ப்பது விதி. என் சட்டைக் காலரைப் புரட்டிப் பார்த்தார், காதைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"பக்கம் எதுவும் கிழியல. ஒரு காபிக் கறை இருக்கு. அது முன்னாடியே இருந்ததுதான். நீங்க போலாம், அண்ணே."

"அப்பாடா" என்றார் டாக்சிக்காரர். போகும்போது என்னைப் பார்த்து, "ஒரு நாள் கூட இருந்தாலும் மனசு ஒட்டிக்குது பாருங்க" என்றார்.

அன்றைக்கே மேடத்தின் கண்ணில் பட்டுவிட்டது. அறைக்குக் கூப்பிட்டார். திரையில் என் பதிவு. கமிட்டி கூடும்வரைகூட இருக்கமாட்டேன் போலிருக்கிறது, இன்றே பெட்டிதான்.

"இது என்ன?" என்றார்.

"மன்னிச்சிடுங்க மேடம். பயிற்சின்னு..."

"உயரத்த அரைன்னு போட்டிருக்கே. அளவ எப்பவும் அடுத்த முழு எண்ணுக்குக் கொண்டு போகணும்னு தெரியாதா? நூத்தி எழுபத்திரெண்டு."

"திருத்திடறேன் மேடம்."

"திருத்திட்டு நீக்கிடு. தப்பான பதிவ நீக்கக் கூடாது, சரியான பதிவத்தான் நீக்கணும்."

திருத்தினேன். நீக்கு என்ற பட்டனை அழுத்தினேன். சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'இந்தப் பொருளுக்குக் காத்திருப்போர் உள்ளனர். நீக்க இயலாது.'

மேடம் அதைப் படித்தார். நானும் படித்தேன். நான் கொஞ்சம் கூடுதலாகவே படித்தேன் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மேடம் மேசை இழுப்பறையைத் திறந்து கைத்துடைக்கும் காகிதத்தை என் பக்கம் தள்ளினார்.

"விதி விதிதான்" என்றார். "இருந்துட்டுப் போகட்டும்."

அன்று வீட்டிலிருந்து வந்த தொலைபேசியில் ஒரே அமளி. அக்காவுக்கு யாரோ லிங்க் அனுப்பியிருந்தார்கள்.

"டேய், அப்பா தெருவெல்லாம் காட்டிட்டாரு. 'ஆசிரியர்னு என் பேரப் போட்டிருக்கான்'னு ஒரே பெருமை."

அம்மா பிடுங்கிக்கொண்டாள். "ஏன்டா, அவரு பேர முதல்ல போட்டு என் பேர ரெண்டாவதாப் போட்டிருக்கே?"

"அகரவரிசைம்மா."

"சுமந்தது எந்த வரிசைல?"

"திருத்திடறேம்மா."

"அவர உதவின்னு போடு, போதும். அது இருக்கட்டும், நான் உன்ன முன்பதிவு பண்ணச் சொன்னேன். அக்கா ஏதோ உறுப்பினராச் சேந்து பண்ணுனா. வரிசைல நாப்பதுக்கு மேல நிக்கிறேனாம். பெத்தவளுக்கே வரிசையாடா?" பிறகு குரல் தணிந்தது. "கமிட்டி எப்பப்பா?"

"நாளைக்கும்மா."

கமிட்டி கூடிய அறையில் திரை போடும் வேலை எனக்கு. பயிற்சியை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அந்தப் பெருமை. தலைவர் நடுவில். வலப்பக்கம் ஓர் உறுப்பினர், இடப்பக்கம் ஓர் உறுப்பினர். யாரும் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. மேடம் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல ஒரு பாராட்டுத் தீர்மானம்" என்றார் தலைவர். "இந்த மாசம் நம்ம தொகுப்புல ஒரே ஒரு பொருள், மத்த எல்லாப் புத்தகத்தையும் தாண்டிடுச்சு. இதோ, கூரையத் தொடுது பாருங்க தூண். யாரு எழுதுனது?"

"கூட்டுப் படைப்புங்க" என்றார் மேடம். "ஒரு அம்மா. அவங்களுக்கு உதவியா ஒரு ஐயா."

"எதப் பத்தி?"

"பொது அறிவு. கொஞ்சம் பயம்."

"திகில்! மக்களுக்குத் திகில்தான் புடிக்குது" என்றார் வலப்பக்கம்.

"எத்தன பிரதி இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுங்க."

"ஒண்ணா? என்ன மேடம் நீங்க, உடனே இன்னொரு பத்து வாங்குங்க."

"கெடைக்காதுங்க. ஆசிரியர்களுக்கு வயசாயிடுச்சு."

கைதட்டல். பாராட்டு ஒருமனதாக நிறைவேறியது.

"அடுத்து, விசாரணை மேசை" என்றார் தலைவர். "பூஜ்யம். அங்க ஒரு ஆள் வேற இருக்காராம்."

"அவரு என்ன பண்றாரு?" என்றார் இடப்பக்கம்.

"அதான் சொன்னேனே. பூஜ்யம் பண்றாரு. ஒப்பந்தத்த நீட்டிக்க வேண்டாம். சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க."

வலப்பக்கத்துக் கை எழுந்தது. இடப்பக்கத்துக் கை எழுந்தது. பதற்றத்தில் என் கையும் பாதி எழுந்துவிட்டது, பிடித்து இறக்கினேன். அம்மாவிடம் இதை எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசிக்கத் தொடங்கினேன்.

மேடம் செருமினார்.

அறை நின்றது. அவர் எழுந்தார். "நீக்க முடியாதுங்க."

"ஏன்?"

"முன்பதிவு இருக்கு."

"மேசைக்கா?"

"ஆளுக்கு."

நேரே வந்து என் கையிலிருந்த கணினி மவுஸை வாங்கி, அந்தப் பச்சைத் தூணின் மேல் அழுத்தினார். பதிவு திறந்தது. என் முகம் சுவர் முழுக்க விரிந்தது. திரைக்கு முன்னால் நின்றிருந்த என் சட்டையிலும் என் மூக்கு விழுந்தது. மூவரும் சுவரைப் பார்த்தார்கள். பிறகு, முதன்முறையாக, என்னைப் பார்த்தார்கள்.

"இது அது மாதிரியே இருக்கே" என்றார் தலைவர்.

"அதேதாங்க."

"பேசுமா?"

"கேட்டாப் பேசும்."

இடப்பக்கம்தான் முதலில் தெளிந்தார். "தலைவரே, ஒரு சிக்கல். இப்பத்தான் இவரப் பாராட்டிட்டோம். இப்பத்தான் இவர நீக்கிட்டோம். ரெண்டும் ஒருமனதா."

"பாராட்ட வாபஸ் வாங்குனா டேஷ்போர்டு தப்புன்னு ஆயிடும்" என்றார் வலப்பக்கம்.

"நீக்குனத வாபஸ் வாங்குனாலும் டேஷ்போர்டு தப்புன்னு ஆயிடும்" என்றார் இடப்பக்கம்.

டேஷ்போர்டு தப்பாக இருக்க முடியாது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தலைவர் கண்ணை மூடினார். நிர்வாக மேதைகள் கண்ணை மூடும்போது நாடு நடுங்கும், நானும் நடுங்கினேன்.

"ஆளுங்க தலைப்புல நிதி இல்ல" என்றார் கண்மூடியபடியே. "தொகுப்புத் தலைப்புல நிதி செலவாகாமக் கெடக்கு. எழுதிக்கோங்க. உதவியாளர் நீக்கப்படுகிறார். பொருள் நிரந்தரத் தொகுப்பில் சேர்க்கப்படுகிறது."

"அப்ப..." என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அப்ப என் வேலைங்க?"

"உங்க வேலை போயிடுச்சு. நீங்க இருக்கீங்க."

"தங்குற அனுமதி?"

"நூலகப் பொருள நாட்ட விட்டு வெளிய கொண்டு போகணும்னா கமிட்டி சம்மதிக்கணும்" என்றார் தலைவர் கண்டிப்பாக. "நாங்க சம்மதிக்க மாட்டோம்."

வெளியே வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நிரந்தரமாடா?"

"நிரந்தரம்தாம்மா."

"என்ன பதவி?"

"பொருள்."

"பரவால்லப்பா" என்றாள். "உங்கப்பா அந்த கம்பெனில கடைசி வரைக்கும் ஆளாவே இருந்தாரு. என்னத்தக் கண்டாரு?"

நவீனமயமாக்கலின் மகிமையை அதன்பிறகுதான் முழுதாக உணர்ந்தேன். ஆளாக இருந்தபோது என் மேசை வாசலோரம் இருந்தது. காற்றும் மழைச்சாரலும் நேரே வந்து என்னை விசாரிக்கும். பொருள்களை ஈரத்திலும் நேர்வெயிலிலும் வைக்கக் கூடாது என்பது தொகுப்புப் பாதுகாப்பு விதி. மறுநாளே உள்ளே மாற்றினார்கள். வெப்பநிலையை ஒரே சீராக வைத்தார்கள். பொருளை மடக்கி வைத்தால் கட்டு விட்டுப்போகும் என்பதால், சிறுவர் நாற்காலியை எடுத்துவிட்டு என் உயரத்துக்கு ஒன்று கொடுத்தார்கள். முதுகு வலிக்கிறது என்று முன்பு விண்ணப்பித்தபோது பதிலே வரவில்லை. இப்போது 'முதுகுப் பகுதியில் சேதம்' என்று ஒரு வரி போட்டேன். பழுதுபார்க்கும் செலவு நூலகத்துடையது. அன்று மாலையே டாக்டர். பொருளை ஒரே நேரத்தில் இரண்டு பேர் இழுக்கக் கூடாது. இரண்டு கையாலும் மென்மையாகக் கையாள வேண்டும். எனக்குக் காப்பீடு உண்டு. யாராவது என்னிடம் கத்தினால் அவருடைய உறுப்பினர் அட்டை முடக்கப்படும்.

ஒரு நாள் மதியம் வண்டியக்கா என் மேசைப் பக்கம் வந்தார். வண்டி இடித்த முழங்காலைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார்.

"தம்பி, அந்த கம்ப்யூட்டர் பொட்டில எனக்கும் ஒண்ணு போட்டுக் குடேன்."

"எத்தன நாள் இரவல்க்கா?"

"என்ன யாரும் வெளிய கொண்டு போகக் கூடாது. வேணுங்கறவங்க இங்கயே உக்காந்து பாத்துட்டுப் போகட்டும்."

அடுத்து காவலாளி வந்தார். அடுத்து பெருக்கித் துடைப்பவர். பிறகு ஒரு மாலை, மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்தி, ஸ்டேப்ளரை இப்படியும் அப்படியும் நகர்த்திவிட்டு, "எடைய மட்டும் போடாத" என்றார்.

கமிட்டி பெருமிதத்தில் இருக்கிறது. டேஷ்போர்டு முழுக்கப் பச்சை. பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தலைவர் எங்களைக் காட்டி, இவ்வளவு அருமையான தொகுப்பு வேறெங்கும் கிடையாது என்கிறார். அது உண்மைதான். எங்கள் நூலகத்தில் இப்போது ஊழியர் என்று ஒருவர்கூட இல்லை. அதனால் எல்லோரையும் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள்.